உறைக்குள் ஒரு கட்டிங் மாஸ்டர்

எந்தப் பெரிய தையல் கடைக்குப் போனாலும் ஒரு ஏற்பாட்டைப் பார்க்கலாம். மெஷினில் உட்கார்ந்து தைக்க மூன்று பேரோ நான்கு பேரோ இருப்பார்கள். மேசைக்கு முன்னால் கத்தரியோடு நிற்பவர் ஒருவர்தான். அவர் கட்டிங் மாஸ்டர். கூலியிலும் மரியாதையிலும் மற்றவர்களைவிட ஒரு படி மேல். தையல் கோணினால் பிரித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம், வெட்டு கோணினால் துணி போனது போனதுதான் என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டிலும் இதே நிலைமைதான். பாட்டி காலத்து சிங்கரோ, சீராக வந்த உஷாவோ மூலையில் நிற்கிறது. தலையணை உறை தைக்க, சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க, இறுகிப்போன பிளவுஸைப் பிரித்துவிட அது உதவும். புதுத்துணியை விரித்துப் போட்டு ஒரு சுடிதாரோ கவுனோ வெட்டச் சொன்னால் மட்டும் கை வராது. தைக்கத் தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்கு வெட்டப் பயம். இந்தப் பயத்தை வைத்தே உலகில் ஒரு பெரிய தொழில் எழுந்தது. உடல் அளவுக்கு ஏற்ப வெட்டிய காகித மாதிரியை, அதாவது பேட்டர்னை, உறையில் போட்டு விற்கும் தொழில் அது.

அது பிறந்த இடம் அமெரிக்கா. 1850களில் தையல் மெஷின் அங்கே வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியது. 1856இல் சிங்கர் நிறுவனம் தவணை முறையைக் கொண்டுவந்ததும் நடுத்தரக் குடும்பங்களாலும் வாங்க முடிந்தது. (இயந்திரங்களை அவ்வளவு கடுமையாகச் சாடிய காந்தியே 1924இல் ஒரு பேட்டியில் சிங்கர் மெஷினுக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைப் பார்த்துப் பரிவோடு செய்த கருவி என்ற கதை அவரைக் கவர்ந்திருந்தது. நிஜ ஐசக் சிங்கர் ஒரே சமயத்தில் பல குடும்பங்கள் நடத்திய மனிதர் என்பது வேறு விஷயம்.) ஒரு சட்டைக்கு நாள் முழுக்க ஊசி பிடித்தவர்கள் இப்போது சில மணி நேரத்தில் தைத்து முடித்தார்கள். ஆனால் அந்தத் துணியை யார் வெட்டித் தருவது?

வெட்டும் வித்தை அதுவரை தையற்காரர்களின் கைக்குள் இருந்தது. மாட்ரிட் நகரில் 1580இலேயே ஹுவான் தே அல்செகா என்ற தையற்காரர், துணியில் பாகங்களை எப்படி அடுக்கி வெட்டினால் வீணாகாது என்று படங்களோடு புத்தகம் போட்டார். அதுவும் தொழில் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டதுதான். 19ஆம் நூற்றாண்டின் பெண்கள் பத்திரிகைகள் ஆடைகளின் வெட்டுப் படங்களை வெளியிட்டதுண்டு. உள்ளங்கை அகலப் படம், அதன்மேல் இரண்டு மூன்று அளவு எண்கள், அவ்வளவுதான். அதைப் பெரிதாக்கி வரைவது படிப்பவர் பாடு. நியூயார்க்கில் எலன் டெமோரெஸ்ட், 1860இல் தொடங்கிய தன் ஃபேஷன் இதழோடு நிஜ அளவு மெல்லிய காகித பேட்டர்னையே இணைத்துக் கொடுத்தார். வீட்டில் வேலை செய்த பெண் பழுப்புக் காகிதத்தில் ஆடையின் பாகங்களை வெட்டி வைத்ததைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். பெயரும் லாபமும் முதலாளியம்மாவுக்குப் போயின.

டெமோரெஸ்ட் கொடுத்தது பெரும்பாலும் ஒரே அளவு. ஒல்லியானவரும் பருத்தவரும் அதே காகிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் கடை வைத்திருந்த தையற்காரர் எபனேசர் பட்டரிக். குழந்தைக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி எலன், சரியான அளவில் ஒரு மாதிரி கிடைத்தால் எவ்வளவு வசதி என்று அலுத்துக்கொண்டாராம். நிறுவனம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. 1863இல் பட்டரிக் அளவு வாரியான பேட்டர்ன்களை விற்கத் தொடங்கினார். முதலில் தடித்த அட்டையில் வெட்டிப் பார்த்தார்கள். அது மடங்கவில்லை, தபாலில் அனுப்பத் தோதுப்படவில்லை. எனவே டிஷ்யூ காகிதத்துக்கு மாறினார்கள். ஆரம்பத்தில் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் மட்டும்தான். இத்தாலியப் போராளி கரிபால்டியின் படையினர் போட்ட உடையைப் போலச் சிறுவர்களுக்கான ஒரு சூட் அமோகமாக ஓடியது. 1866இல் பெண்கள் ஆடைகள் சேர்ந்தன. அடுத்த பத்தாண்டுக்குள் லண்டன், பாரிஸ், வியன்னா, பெர்லின் வரை வியாபாரம் பரவிவிட்டது.

அளவு வாரியாக என்று சொல்வது சுலபம். மார்பு 34இலிருந்து 36 ஆகும்போது பக்கவாட்டில் இரண்டு இஞ்ச் கூட்டினால் போதும் என்றுதான் தோன்றும். அப்படி வெட்டினால் உடை சாக்குப் பை மாதிரி தொங்கும். உடல் எல்லாப் பக்கமும் ஒரே கணக்கில் பெருப்பதில்லை. இரண்டு இஞ்ச் மார்பு கூடும் இடத்தில் முதுகு நீளம் கால் இஞ்ச்தான் கூடும். தோளும் கழுத்தும் அதைப்போலத்தான், சற்றே நகரும். ஆர்ம்ஹோல், அதாவது கை பொருந்தும் துளை, கொஞ்சம் இறங்க வேண்டும், கையின் மேல்வளைவும் அதற்கு ஈடாக வளர வேண்டும். ஒவ்வொரு மூலையையும் தனித்தனிக் கணக்கில் நகர்த்தும் இந்த வேலைக்கு கிரேடிங் என்று பெயர். பட்டரிக் விற்றது உண்மையில் இந்தக் கணக்கைத்தான்.

போட்டி சீக்கிரமே வந்தது. 1870இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் மெக்கால் நியூயார்க்கில் கடை போட்டார். 1899இல் வோக் பத்திரிகை, கூப்பனோடு 50 சென்ட் அனுப்பினால் பேட்டர்ன் வரும் என்று அறிவித்தது. 1927இல் வந்த சிம்ப்ளிசிட்டி விலையை 15 சென்ட்டாக இறக்கியது. பொருளாதார மந்தம் அமெரிக்காவைப் பிடித்தபோது இந்த மலிவு விலை பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. கோழித் தீவனமும் மாவும் வந்த பருத்திச் சாக்குகளைத் துவைத்துப் பெண்கள் கவுன் தைத்த காலம் அது. வாடிக்கையாளரின் கண் எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும் சாக்கு விற்ற கம்பெனிகள் பூப்போட்ட துணியில் சாக்கு தைக்க ஆரம்பித்தன.

இத்தனை ஆண்டுகளும் அந்தக் காகிதம் பெரும்பாலும் வெற்றுக் காகிதமாகவே இருந்தது என்றால் இன்று நம்ப முடியாது. எழுத்தும் கோடும் கிடையாது. வெறும் துளைகள். துளையின் அளவையும் வரிசையையும் வைத்து இது டார்ட் (உடல் வளைவுக்குப் பிடிக்கும் கூர்முனைத் தையல்), இது மடிப்பு, இது பொத்தான் இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். மெக்கால் நிறுவனம்தான் 1920களின் தொடக்கத்தில் கோடுகளையும் குறிப்புகளையும் காகிதத்திலேயே அச்சடித்து அதற்குக் காப்புரிமையும் வைத்துக்கொண்டது.

இன்றைய உறையைப் பிரித்தால் என்ன இருக்கும்? மேலே ஆடையின் படம். பின்பக்கம் ஓர் அட்டவணை: எந்த அளவுக்கு எவ்வளவு துணி, எத்தனை பொத்தான், ஜிப் எவ்வளவு நீளம். உள்ளே ஒரு விளக்கத் தாளும், நாலாக எட்டாக மடித்த பெரிய டிஷ்யூ காகிதங்களும். காகிதத்தை ஒருமுறை பிரித்தால் மறுபடி பழையபடி மடிக்க யாராலும் முடியாது.

அந்தக் காகிதத்தில் முதலில் கண்ணில் பட வேண்டியது நீளமான அம்புக்குறி. துணியின் பாவு ஓடும் திசைக்கு, அதாவது கரைக்கு இணையாக அதை வைக்க வேண்டும். பாவு நூல் அவ்வளவாக இழுபடாது. ஊடை கொஞ்சம் இழுபடும். இரண்டுக்கும் நடுவே மூலைவாட்டில், டெய்லர்கள் கிராஸ் என்று சொல்லும் திசையில், துணி நன்றாக இழுபட்டு உடலோடு வழியும். பாரிஸில் மாடலீன் வியோனே 1920களில் புகழ்பெற்றது இப்படி முழு உடையையும் கிராஸில் வெட்டித்தான். துணி மிச்சம் பிடிக்க அம்புக்குறியைச் சற்றே சாய்த்து வைத்தால் வெட்டும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகு பேன்ட்டின் ஒரு கால் முறுக்கிக்கொண்டு முன்னால் வரும்போதுதான் தெரியும்.

ஓரங்களில் சின்ன முக்கோணக் குறிகள் இருக்கும். ஒன்று இருந்தால் முன்பக்கம், இரண்டு சேர்ந்து இருந்தால் பின்பக்கம் என்பது பொதுவான வழக்கம். இதன் அருமை கை வைக்கும்போது விளங்கும். கையின் மேல்வளைவு ஆர்ம்ஹோலைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமாகவே வெட்டப்பட்டிருக்கும். அது பிழையல்ல. தோள் உருண்டை என்பதால் அந்தக் கூடுதல் வேண்டும். நீளமான வளைவைக் குட்டை வளைவில் சுருக்கம் விழாமல் அடக்குவது எப்படி? இரண்டு குறிகளுக்கும் நடுவே மட்டும் பெரிய தையலாக இரண்டு வரி ஓட்டி, நூலை மெல்ல இழுத்து, கூடுதல் துணியை விரலால் சமமாகப் பரப்பி, குண்டூசி குத்தி, அதன்பிறகு மெஷினில் விட வேண்டும். பின்கையை முன்னால் வைத்துத் தைத்துவிட்டால், போட்டுக்கொண்டு கையை நீட்டும்போது முதுகு இழுக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் உடை பொருந்தாமல் போகலாம். குறை பேட்டர்னில் இல்லை, அது யாருக்காக வரையப்பட்டது என்பதில் இருக்கிறது. அமெரிக்கப் பெரிய கம்பெனிகளின் அட்டவணையில் 14ஆம் அளவு என்பது மார்பு 36, இடுப்பு 28, ஹிப் 38. உயரம் சுமார் ஐந்தடி ஐந்து அங்குலம். கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை முதுகு நீளம் பதினாறரை இஞ்ச். இந்த எல்லா எண்களும் ஒரே உடம்பில் அமைந்த பெண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஐந்தடி உயரமும் 36 மார்பும் உள்ள ஒருவருக்கு முதுகு நீளம் பதினைந்துதான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே வெட்டினால் இடுப்புத் தையல் ஒன்றரை இஞ்ச் கீழே இறங்கி வயிற்றில் உட்காரும். அதற்காகத்தான் காகிதத்தில் குறுக்கே இரண்டு இணைகோடுகள் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒன்றரை இஞ்ச் மடித்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது. கீழ் ஓரத்தில் வெட்டிக் குறைத்தால் தீராது.

இன்னொரு தவறு அளவைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும். கடையில் வாங்கும் சுடிதாரின் எம், எல் எண்ணத்தில் பேட்டர்ன் வாங்கக் கூடாது. ரெடிமேட் கம்பெனிகள் வாங்குபவரைக் குளிர்விக்க அளவு எண்களைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. பேட்டர்ன்காரர்கள் பழைய கணக்கில் நின்றுவிட்டார்கள். டேப் காட்டும் எண் மட்டும்தான் பேச வேண்டும். அதிலும் மார்பு எடுப்பாக உள்ளவர்கள் அக்குளுக்குக் கீழே, மார்புக்கு மேலே சுற்றிவரும் அளவை வைத்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. அப்போது கழுத்தும் தோளும் சரியாக உட்காரும். மார்பில் வேண்டிய கூடுதலைக் காகிதத்தை டார்ட் நுனி வரை வெட்டி விரித்துக் கொடுத்துக்கொள்ளலாம். மார்பைத் திருத்துவது எளிது, தோளைத் திருத்துவதுதான் தலைவலி.

உடம்பின் அளவும் உடையின் அளவும் ஒன்றல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மூச்சுவிட, உட்கார, கை தூக்க உடையில் கொஞ்சம் தாராளம் விடுவார்கள். அதை ஈஸ் என்பார்கள். 36 மார்புக்கு வரைந்த கவுன் தைத்து முடித்தபின் 39, 40 இருப்பது சாதாரணம். பிளவுஸின் இறுக்கத்துக்குப் பழகிய நம் ஊர்ப் பெண்கள் மேல்நாட்டு பேட்டர்னில் தைத்த முதல் உடையைப் போட்டதும் தொளதொள என்று இருக்கிறதே என்று முகம் சுளிப்பது இதனால்தான்.

ஆகவே அனுபவசாலிகள் நல்ல துணியில் நேரடியாகக் கத்தரி வைப்பதில்லை. காடாத் துணியிலோ பழைய வேட்டியிலோ ஒன்றை வெட்டி, பெரிய தையலாக ஓட்டி, போட்டுப் பார்த்து, இழுக்கிற இடத்தைப் பிரித்து, தொங்குகிற இடத்தைக் குண்டூசியால் பிடித்து, அந்தத் திருத்தங்களைக் காகிதத்தில் ஏற்றிக்கொள்கிறார்கள். இது வேண்டாத வேலை என்று தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் தைத்த உடை அலமாரியிலேயே கிடப்பதற்கும் அதுதான் முதல் காரணம். துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டியது இரண்டாவது காரணம்.

ஐரோப்பாவில் இந்தக் கதை வேறு வழியில் போனது. ஜெர்மனியின் ஓஃபன்பூர்க் நகரில் ரயில்வே தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர் ஏன்ன பூர்டா. அச்சக முதலாளியான அவர் கணவர் தன் காதலிக்காக ஒரு ஃபேஷன் பதிப்பகத்தை நடத்திக் கொடுத்தது தெரியவந்ததும், ஏன்ன அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. பதிப்பகத்தைத் தனக்குக் கொடு என்றார். 1949இல் நாற்பது வயதில் பொறுப்பேற்றார். 1950 ஜனவரியில் ‘பூர்டா’வின் முதல் இதழ், ஒரு லட்சம் பிரதி. 1952 முதல் இதழுக்குள்ளேயே பேட்டர்ன் தாள் வைத்தார். போரில் எல்லாம் இழந்த நாட்டில், ஓர் இதழ் வாங்கினால் பல உடைகளுக்கு வெட்டு கிடைக்கும் என்பது சின்ன விஷயமில்லை.

அந்தத் தாளைப் பார்த்துப் பயப்படாதவர் இல்லை. காகிதத்தை மிச்சம் பிடிப்பதற்காக எல்லா உடைகளின் எல்லாப் பாகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்திருப்பார்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். நமக்கு வேண்டிய கோட்டை மட்டும் விரல் வைத்துப் பின்தொடர்ந்து வேறு காகிதத்தில் படியெடுக்க வேண்டும். தையலுக்கு விடும் துணியும் அதில் சேர்ந்திருக்காது. அமெரிக்க பேட்டர்னில் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளேயே இருக்கும், இங்கே நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்க பேட்டர்னிலிருந்து இதற்கு மாறுகிறவர்கள் இதை மறந்தால் உடை சிறுத்துவிடும். 1987இல் சோவியத் யூனியனில் ரஷ்ய மொழியில் வெளிவந்த முதல் மேல்நாட்டு இதழ்களில் ஒன்று பூர்டாதான். கடையில் விரும்பிய உடை கிடைக்காத நாட்டில் அந்த இதழ் கைமாறிக் கைமாறிப் படியெடுக்கப்பட்டது.

நம் ஊரில் இப்படி உறைகள் விற்கும் வழக்கம் ஏன் வேரூன்றவில்லை? சேலை, வேட்டி, துண்டு எல்லாம் கத்தரி படாத உடைகள். பாவாடைக்கு நேர்வெட்டுப் போதும். வெட்டு தேவைப்பட்ட பிளவுஸுக்குத் தெருமுனையில் டெய்லர் இருந்தார். அவரிடம் கொடுக்க அளவு பிளவுஸ் இருந்தது. நன்றாக அமைந்துபோன ஒரு பழைய பிளவுஸ், அதற்குரியவர் இருக்கும்வரை அவருடைய பேட்டர்னாக இருந்துவிடுகிறது. கடைக்காரர் அதை மடித்துத் துணிமேல் வைத்து, சாக்கட்டியால் ஓரம் போட்டு, ‘கொஞ்சம் பெருசா விடணுமா அக்கா?’ என்று கேட்பதோடு அளவெடுக்கும் படலம் முடிந்தது. தையல் வகுப்புகளிலோ அச்சடித்த பேட்டர்னைத் தேடுவதில்லை. மார்பு அளவில் நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று சூத்திரம் போட்டு முதலில் நோட்டில், பிறகு பழுப்புக் காகிதத்தில் வரையக் கற்றுக்கொடுக்கிறார்கள். தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டமும் தையல் பயின்ற சான்றிதழைக் கேட்கிறது. ஒருவகையில் இப்படி வரையக் கற்பது உறையைவிட உயர்ந்த வித்தை. கற்றவர் யாருடைய உடம்புக்கும் வரைய முடியும். ஆறு மாதம் வகுப்புக்குப் போக முடியாதவருக்குத்தான் இதில் வழியில்லை.

மேல்நாட்டில் மலிவான ரெடிமேட் உடைகள் குவிந்ததும் வீட்டுத் தையல் மெலிந்தது. பழைய போட்டியாளர்களான பட்டரிக், மெக்கால், வோக், சிம்ப்ளிசிட்டி நான்கும் ஒரே முதலாளியின் கீழ் வந்து சேர்ந்தன. 2025இல் அமெரிக்காவின் பெரிய துணிக்கடைத் தொடரான ஜோஆன், எண்ணூறு கடைகளை நெருங்கிய தன் தொடர் முழுவதையும் மூடியது. இன்னொரு பக்கம், பிபிசி 2013இல் தொடங்கிய தையல் போட்டி நிகழ்ச்சி புதிய தலைமுறையை மெஷின் பக்கம் திருப்பியது. அதன் முதல் வருடப் போட்டியாளர் டில்லி வால்ன்ஸ் போன்றவர்கள் சொந்தமாக பேட்டர்ன் கம்பெனி நடத்துகிறார்கள்.

இவர்களின் பேட்டர்ன் இப்போது பிடிஎஃப் கோப்பாக வருகிறது. திருச்சியில் இருப்பவரும் ராத்திரி வாங்கிக் காலையில் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எடுத்துவிடலாம். முப்பது நாற்பது ஏ4 தாள்களை வரிசைப்படி ஒட்டினால் முழு பேட்டர்ன் தயார். முதல் தாளில் பக்க அளவு குறித்த ஒரு சதுரம் இருக்கும். அதை மட்டும் முதலில் அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று கடைப் பையன் கொஞ்சம் சுருக்கி எடுத்திருந்தால் சதுரம் காட்டிக்கொடுக்கும். இன்னும் ஒரு படி மேலே போய், நம் அளவுகளைக் கொடுத்தால் நமக்கென்றே வரைந்து தரும் ஃப்ரீசூயிங் போன்ற இலவசத் தளங்களும் உண்டு.

காசு மிச்சமாகும் என்று இதில் இறங்கினால் ஏமாற்றம்தான். வெளிநாட்டு பேட்டர்ன் ஒன்றின் விலையில் உள்ளூர் டெய்லரிடம் ஒரு சுடிதாரே தைத்துக்கொள்ளலாம். கிடைப்பது வேறு: பையை எங்கே வேண்டுமோ அங்கே வைத்துக்கொள்ளும் சுதந்திரம், கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும் என்று யாரிடமும் விளக்கத் தேவையில்லாத நிம்மதி. முதல் முயற்சிக்கு எலாஸ்டிக் வைத்த பைஜாமாவோ ஸ்கர்ட்டோ நல்லது. நழுவும் ஜார்ஜெட்டும் சில்க்கும் வேண்டாம், நனைத்துத் தேய்த்த பருத்தி போதும். அடுத்து கை இல்லாத தொளதொள டாப். கை வைத்த உடை மூன்றாவதாக வரலாம். பிளவுஸை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஈஸ் என்று பெரிதாக ஏதும் இல்லாத உடை அது. கால் இஞ்ச் பிசகினாலும் கொக்கி போட முடியாது.